சிவப்பு கழுவிய கோதுமை

அன்பு மகள் நவாலுக்கு, அப்பா எழுதுவது. பஸ்ராவில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க அல்லா அருளட்டும். இங்கும் சுகம் என்று எழுதத்தான் பேனா மறுக்கிறது. முதலில் விஷயம், லாரிக்கார ஃபாதிலிடம் உனக்குக் கொடுத்தனுப்பிய மாவை வாயில் வைக்காதே. காலையில் தந்தியும் அடித்தேன், நீ நம்பியிருக்க மாட்டாய். போன ரமலானில் நம் கழுதை குட்டி ஈன்றது, உன் மாமனார் சாயல் என்று தந்தி அடித்தவனாயிற்றே நான்.

விதைப்பு முடிந்த பிறகு அரசாங்க விதைக் கோதுமை வந்தது, ரோஜா நிறத்தில். மூட்டையில் அயல் எழுத்து, கூடவே ஒரு மண்டையோட்டுப் படம். என் தேநீர்க் கடை மேதைகள், பக்கத்து வீட்டு ஜாசிமின் பல்லைப் பார்த்து எவனோ வரைந்திருக்கிறான் என்று சிரித்தார்கள், அதிகம் சிரித்தவன் நான். தின்னக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உன் அம்மா சிவப்பு போகும்வரை அலசினாள், கோழிக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு வாரம் கழித்தும் கோழிகள் கொழுகொழுவென்று திரியவே, ஜாசிம் வந்து, கோழியே சாட்சி சொல்லிருச்சு, இன்னும் என்னய்யா யோசனை, அடுப்பைப் பத்த வையி கிதிர் என்றான். பற்றவைத்தோம், உனக்கும் அரைத்து அனுப்பினோம்.

பிறகு ஜாசிமுக்கு நடை கோணியது. குடித்திருக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். பக்கத்தில் வரும் ஆளும் தெரியாமல் போக, படுத்துவிட்டான். மோசுலிலிருந்து வந்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். விதையைப் பூஞ்சை அரிக்காமலிருக்கப் பாதரசம் கலந்த மருந்து பூசியிருக்காங்கய்யா, சிவப்பு வெறும் எச்சரிக்கைச் சாயம், கழுவினா சாயம் போகும், மருந்து போகாது, சுட்டாலும் போகாது என்றார். உடம்பில் மெல்லச் சேர்ந்து மூளையைப் பிடிக்குமாம், வாரக்கணக்கில் வெளியே தெரியாதாம். தாய்க்கு ஒன்றும் தெரியாமலே வயிற்றுப் பிள்ளையைத் தாக்குமாம். அதைக் கேட்டதும் எழுந்து கடையைச் சாத்தி, தந்தியை அடித்துவிட்டு, எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு உதடும் விரல்நுனியும் மரத்திருக்கின்றன, பேச்சும் குழறுகிறது. உன் அம்மா, இந்த வாய் ஓயணும்னு நான் கேட்ட துவா இப்பத்தான் பலிச்சிருக்கு என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் அழுகிறாள். மாவை ஆட்டுக்கோ கோழிக்கோ போடாதே, யாருக்கும் தராதே, ஆற்றில் கொட்டாதே. ஒரு வாய் தின்றிருந்தாலும் இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மாவையும் இந்தக் கடிதத்தையும் காட்டு. தின்னவில்லையென்றால், தின்னவில்லை என்று ஒரே வார்த்தையில் தந்தி அடி, என் உடம்பைக்கூட விசாரிக்க வேண்டாம்.

அல்லா உன்னையும் பிள்ளையையும் தன் நிழலில் வைக்கட்டும். கையெழுத்து இப்படிக் கோணியிருப்பது என் குறும்பு இல்லை, மகளே.

உன் அப்பா,
கிதிர்