நான் தலையாட்டிய காடு

1854 மார்ச் 2, வியாழன்

பனி இன்னும் முழங்கால் அளவு கிடக்கிறது. சிவப்புக் கோழி மறுபடி முட்டையிட ஆரம்பித்துவிட்டது. ஏனோக்கு விடிந்ததும் சதுப்புக்குப் போய்விட்டான். தன் உடம்புச் சூட்டாலேயே பனியை உருக்கிக்கொண்டு வெளியே வருகிற பூ ஒன்று அங்கே இருக்கிறதாம். கிட்டே போனால் நாறுமாம். அதைப் பார்க்கப் பொழுதெல்லாம் செலவு.

எங்கள் சர்ச் டீக்கன் மனைவி டார்கஸ் ரொட்டி மாவுக்கு ஈஸ்ட் கேட்டு வந்தாள். ஈஸ்ட்டோடு போனாளா?

"ஏன் ஜெருஷா அத்தை, உங்க பேரன் காலேஜ் வரைக்கும் போய் படிச்சது சேத்துல உக்காரவா?"

"சேத்துல உக்காந்தாலும் முழிச்சுக்கிட்டு உக்காருறான்டி. உன் வீட்டுக்காரர் மாதிரி முன் பெஞ்சுல உக்காந்து குறட்டை விடலை."

முகம் சிவந்துபோய்க் கிளம்பினாள். ஈஸ்ட் சட்டியை மறந்து வைத்துவிட்டாள்.

மார்ச் 5, ஞாயிறு

சர்ச்சில் காலையில் ஒரு பிரசங்கம், மத்தியானம் ஒரு பிரசங்கம். ஏனோக்கு வரவில்லை. காட்டில் நடந்தான். வருத்தம்தான், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது நான். பைபிளில் வருகிற ஆதி காலத்து ஏனோக்கு கடவுளோடு நடந்து போனவன். பெஞ்சில் உட்கார்ந்தவன் இல்லை.

டீக்கன் இன்றும் குறட்டை. நான் குறட்டை விடுவதில்லை. என் சின்ன வயதில் நீளக் கோலோடு ஒருவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பார், கண் மூடினால் தலையில் ஒரு தட்டு. அந்தக் கோலுக்குப் பயந்தே, கண்ணைத் திறந்தபடி, முதுகு நிமிர்ந்தபடி, ஊடே ஊடே தலையாட்டியபடி தூங்கப் பழகிவிட்டேன். இது ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மார்ச் 11, சனி

பீன்ஸ் அடுப்பில். சாப்பாடு முடிந்ததும் ஏனோக்கு தான் எழுதிய புத்தகத்தை எடுத்துவந்து உட்கார்ந்தான். கடைசி அத்தியாயம் முடிந்துவிட்டதாம். நான் காலுறை பின்னிக்கொண்டே கேட்டேன். குரல் அப்படியே அவன் அம்மா குரல். என் மகள் போய்ச் சேர்ந்து எத்தனை வருஷம். தண்ணீர் வந்தது, நிழல் வந்தது, ஏதோ ஒரு குருவி வந்தது, அப்புறம் எனக்குத் தெரியாது.

நினைவு வந்தபோது வாசிப்பு நின்றிருந்தது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப சரிதானே பாட்டி? மனசார சொல்றீங்களா?"

"ஆமாடா. மனசார."

எழுந்துவந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தான். கண் கலங்கியிருந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொடுத்தது, அதற்கப்புறம் இன்றுதான்.

எதற்கு ஆமாம் சொன்னேன்? கேட்டுவிடலாம். ஆனால் ஐந்து குளிர்காலம் மட்டும் பள்ளிக்கூடம் போனவள், கிழவிக்கு ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்துவிட்டால்? எழுதியதையெல்லாம் முதலில் எனக்குத்தான் வாசித்துக் காட்டுகிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். போகட்டும், காலுறை நிறத்தைப் பற்றி ஏதாவது கேட்டிருப்பான்.

மார்ச் 13

கடைசிப் பக்கத்தில் ஏதோ சேர்த்து எழுதி, காகிதக் கட்டைப் பாஸ்டனுக்கு, அச்சுக்காரர்களுக்கு அனுப்பிவிட்டான். சீட்டியடித்துக்கொண்டே விறகு பிளந்தான்.

ஏப்ரல் 19

பாஸ்டனிலிருந்து பதில். பாதிச் செலவை எழுதியவரே போட்டால் அச்சடிப்பார்களாம். ஏனோக்கு சிரித்துக்கொண்டே அதை அடுப்பில் போட்டான்.

"புத்தகம் வராட்டியும் மரம் வளரும் பாட்டி."

ஜாபெஸின் வண்டிச்சக்கரப் பட்டறையில் வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்கிறான். அவ்வளவுதான் சம்பாத்தியம். அதிகம் செய்யச் சொன்னால், "வேணாம்னு ஒண்ணை விட்டா எனக்கு ஒரு காலைப்பொழுது கிடைக்குது, அது போதும்" என்கிறான். வெள்ளைச் சர்க்கரை தொடமாட்டான், அடிமைகள் முதுகில் அடித்து வாங்கிய சர்க்கரை என்று. பருத்திச் சட்டையும் அப்படியே. மேப்பிள் மரத்துப் பாகும் கம்பளியும்தான். பனிக்குச் சரி. ஆகஸ்டில் கம்பளி போட்டுக்கொண்டு வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கிறவர்களை முறைப்பேன்.

ஏப்ரல் 26

தையல் கூட்டத்தில் டார்கஸ்: "புத்தகமா? தவளையைப் பத்தி எழுதினா தவளைதான் அத்தை வாங்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். பாதிரியார் மனைவி கூட.

மே 15

ஏனோக்கு வடக்கே மேய்ன் கடற்கரைப் பக்கம் நடைக்குப் போய்விட்டான். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

தோல் பதனிடும் கொட்டகைக்காரர் பேலெக் இன்றும் வந்தார். சரிவில் இருக்கிற என் ஹெம்லாக் மரங்கள் மேல் அவருக்குப் பல வருஷமாகக் கண். தோல் ஊறப்போட அந்தப் பட்டைதான் வேண்டும். என் அப்பா எனக்கென்று விட்டுப்போன காடு அது. "நல்ல காரியம் வந்தா வெட்டு, அதுவரைக்கும் நிக்கட்டும்" என்பார்.

பேரன் பெயர் அட்டையில் அச்சாவதைவிட நல்ல காரியம் எது? சரி என்று சொல்லிவிட்டேன். பணத்தைப் பாதிரியார் மூலம் நேரே பாஸ்டனுக்கு அனுப்பிவிடுவேன். திரும்பி வரும்போது ஏனோக்கு வாயைப் பிளக்கட்டும்.

ஜூன் 8

பட்டை உரிக்கிறார்கள். இந்த மாதத்தில்தான் மரத்தில் பால் ஓடும், பட்டை கழன்று வரும். சோளமாவு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். மரத்தைச் சாய்த்து, உரித்து, பட்டையை மட்டும் வண்டியில் ஏற்றுகிறார்கள். கட்டையை யாரும் சீந்துவதில்லை. அப்படியே கிடக்கிறது, வெள்ளையாக, ஈரமாக, தோலுரித்த ஆடு மாதிரி. அந்த இடத்தில் அவ்வளவு வெயிலை நான் பார்த்ததே இல்லை.

நெஞ்சில் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. வெயில்தான்.

ஜூன் 24, சனி

வந்துவிட்டான். எனக்கு ஒரு சங்கு கொண்டுவந்திருந்தான். நான் விஷயத்தைச் சொல்வதற்குள், "ஒரு எட்டு காட்டைப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று போய்விட்டான். திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று. வாசல்படியில் உட்கார்ந்தான். பூட்ஸில் மரப்பால் ஒட்டியிருந்தது.

"யாரு பாட்டி?"

"நான்தான்டா."

"நீங்களா?" பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். "அன்னைக்கு வாசிச்சு முடிச்சுட்டுக் கேட்டேனே. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அந்த மரங்கள்ல கோடாலி படாதுன்னு ஒரு வார்த்தை குடுங்கன்னு. ஆமான்னீங்க. மனசாரவான்னு திருப்பிக் கூடக் கேட்டேன்."

அதுவா. அதற்கா நான் ஆமாம் சொன்னேன்.

தூங்கிட்டேன்டா – நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "மரம்னா வெட்டத்தான். உன் புத்தகத்துக்காகத்தானே வித்தேன்."

"புத்தகமே அந்தக் காடுதானே பாட்டி."

சத்தம் போடவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான். போர்வையைச் சுருட்டினான்.

"கோவமாடா?"

"இல்ல பாட்டி. சொன்ன சொல்லு இந்த வீட்டுல நிக்கும்னு நெனைச்சுட்டேன். ஜாபெஸ் பட்டறை மச்சுல படுத்துக்கிறேன்."

ஜூன் 25, ஞாயிறு

ஒரு வார்த்தை. தூங்கிட்டேன். அவ்வளவுதானே! வாக்கு மாறியவள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, புரியாத கிழவி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது – அப்படியா ஜெருஷா? அதற்கா இவ்வளவும்?

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 4

சொல்லவில்லை. ஊரில் சுதந்திர தின வெடிச் சத்தம்.

ஆகஸ்ட் 12

தெருவில் பார்த்தால் தொப்பியைத் தூக்குகிறான். என் கூடையை வாங்கிக்கொண்டு வாசல் வரை வருகிறான். வெயில், மழை பற்றிப் பேசுகிறான். கூடையைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னைத் திட்டினால் என்ன?

அக்டோபர் 17

புத்தகம் வந்தது. ஒரு பெட்டி நிறைய. பச்சைத் துணி அட்டை. அவன் பெயர் தங்க எழுத்தில். விரலால் தடவிப் பார்த்தேன். எழுத்துக்கள் உள்ளே குழிந்திருக்கின்றன.

அக்டோபர் 18, புதன்

தையல் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். டார்கஸ் வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். "எங்கே, தவளை என்னதான் சொல்லுதுன்னு பாப்போம்" என்று உரக்க வாசித்தாள்.

அதில் இருந்தது இது: "நாட்டில் எத்தனையோ காடுகள் போய்விடும். இது நிற்கும். இதன் சொந்தக்காரி என் பாட்டி. அவள் ஆமாம் என்றால் ஆமாம்."

ஊசிகள் நின்றுவிட்டன. எல்லாருக்கும் தெரியும், பட்டை வண்டிகள் அவர்கள் வாசல் வழியாகத்தானே போயின. டார்கஸ் புத்தகத்தை மெல்ல மூடி என் மடியில் வைத்தாள்.

"டீ போடட்டுமா அத்தை?"

அவள் ஏதாவது குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அக்டோபர் 20

ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பட்டறை மச்சுக்கு ஏறினேன். பலகை இடுக்கெல்லாம் காற்று. ஏனோக்கு அட்டையைப் பார்த்தான், கையை நீட்டவில்லை.

"சர்க்கரை மாதிரிதான் பாட்டி இதுவும். என்னால முடியலை."

"குளிர்காலத்துக்காவது வீட்டுக்கு வாடா."

"வரேன் பாட்டி. அப்புறமா."

இருமினான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜாபெஸ் ஏணியடியில் சக்கரம் இழைத்துக்கொண்டு நின்றார். அவர் காதுபட எப்படி?

ஜாபெஸாம்! அவர் பாதிச் செவிடு.

நவம்பர் 30

அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். வான்கோழி சுடவில்லை. ஒரு பூசணிப் பலகாரம் மட்டும் செய்து அவனுக்குக் கொடுத்தனுப்பினேன். தட்டு கழுவித் திரும்பி வந்தது.

டிசம்பர் 21

ஜாபெஸ் வாசலில் வந்து கத்தினார்.

"அத்தை! ஒரு வீட்டுக்கு ஒரு பிடிவாதக்காரர் போதும். ரெண்டாவதை வண்டியில ஏத்திக்கிட்டு வந்திருக்கேன். படுக்கையைப் போடுங்க!"

கைக்குட்டையில் ரத்தம். எடையே இல்லை, ஜாபெஸ் ஒருவரே தூக்கிவந்துவிட்டார்.

டிசம்பர் 22

வைத்தியர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கையுறையை மாட்டிக்கொண்டார்.

1855 ஜனவரி 9

சொல்லிவிட்டேன்.

கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கு நீ வாசிச்சப்போ நான் தூங்கிட்டேன்டா."

"என்னைக்கு?"

"கடைசி அத்தியாயம். ஒரு வரி கேக்கலை. எதுக்கு ஆமா சொன்னேன்னே எனக்குத் தெரியாது."

திரும்பி என்னைப் பார்த்தான். "கண்ணு தொறந்திருந்துச்சே பாட்டி."

"தொறந்துகிட்டுத்தான் தூங்குவேன்."

"தலையாட்டினீங்களே! அந்த ஓடை வர்ற இடத்துல சரியா ஆட்டினீங்களே!"

"பாதிரியாருக்கும் அப்படித்தான் ஆட்டுவேன்."

"காலுறை?"

"கை தானாப் பின்னும்."

சிரிக்க ஆரம்பித்தான். தலையணை குலுங்கச் சிரித்தான். "எழுபது வருஷமா? டீக்கனைக் கேலி பண்ணிக்கிட்டே?" நானும் சிரித்தேன். சிரிப்பு இருமலாயிற்று, அவனைப் பிடித்துக்கொண்டேன். முதுகெலும்பு கையில் தட்டியது.

அடங்கியபின் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "நீங்க வாக்கு மாறிட்டீங்கன்னு நெனைச்சுட்டேன். ஜூன்லயே சொல்லியிருந்தா என் கட்டில்லயே படுத்திருப்பேனே பாட்டி."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவனுக்குக் குத்தத் தெரியாது. கதகதப்பான ஒரு கட்டிலைப் பற்றிச் சொன்னான், அவ்வளவுதான்.

ஜனவரி 10

மச்சுப் பலகை இடுக்கு. காற்று. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர். ஒரு வார்த்தைக்கு.

ஜனவரி 27

புத்தகத்தை நான் வாசித்துக் காட்டுகிறேன். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து. அவன் கையில் வாங்குவதில்லை, ஆனால் கேட்கிறான். "அது 'சஞ்சலம்' பாட்டி, சந்தனம் இல்லை." ஒரு நாளுக்கு ஒரு பக்கம்தான் ஓடுகிறது. ஓடைக்கரையில் அவன் ஒரு முழு நாள் அசையாமல் உட்கார்ந்து, ஒரு குருவி அவன் பூட்ஸ் மேல் ஏறிப்போன இடம் வந்தது. எனக்குப் புரிந்தது. எல்லாமே புரிகிறது. கஷ்டமாக ஒன்றுமே இல்லையே!

பிப்ரவரி 17

காலையில் போய்விட்டான்.

பிப்ரவரி 20

சர்ச் மணி அவன் வயதை அடித்தது, முப்பத்து நாலு. எனக்காக அடிக்க வேண்டிய மணி. மண் இறுகிக் கிடப்பதால் குழி வெட்ட முடியாது. ஏப்ரலில் இளகும் வரை கல்லறைத் தோட்டத்து நிலவறையில் வைத்திருப்பார்கள்.

டார்கஸ் மூன்று நாளாக எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். "என்னென்னமோ சொல்லிட்டேன் அத்தை அவனை" என்று அழுதாள். அவளைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரல் 24

அடக்கம் ஆயிற்று. மழை.

1856 ஜூன் 14, சனி

மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். கணவனும் மனைவியும், பாஸ்டனில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள். ரயிலடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். கையில் அந்தப் பச்சைப் புத்தகம், ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"அம்மா, நீங்கதானா அந்தப் பாட்டி?" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க பிள்ளைங்க எல்லாருக்கும் உங்களைத் தெரியும். காட்டை ஒரு தடவை பாக்கலாமா? சத்தம் போடாம பாத்துட்டுப் போயிடுவோம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். கால் வலி என்று சொல்லியிருக்கலாம். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன்.

சுவர் தாண்டி, ஓடை தாண்டி, சரிவு. ஓடையில் தண்ணீர் குறைந்துவிட்டது. கட்டைகள் சாம்பல் நிறமாகிவிட்டன, நடுவே ராஸ்பெர்ரிச் செடி இடுப்புயரம். கணவன் கட்டைகளைத் தாண்டித் தாண்டி வந்தான். மனைவிக்குக் கை கொடுத்தான். வெயில் தாங்காமல் தொப்பியால் விசிறிக்கொண்டு, முகமெல்லாம் ஆசையோடு என்னைப் பார்த்தான்.

"காட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"வந்துட்டோம்" என்றேன்.