முப்பத்தொன்றாம் நேயரின் விருப்பம்

நாள் 203. 06.10

காற்று சரி. மின்சாரம் சரி. அலைவாங்கி சரி.

இதை எடுத்துப் படிப்பவர்களுக்கு: என் பெயர் ஜெபமலர். வயது பதினேழு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். கீழே சுற்றும் பாறையில் சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கு மேலிருந்து வானொலி நடத்துவது என் வேலை. இந்த விண்வெளி நிலையத்தில் நான் மட்டும்தான். எனக்கு ஆட்களோடு பேச வராது. அதனாலேயே இந்த வேலைக்குச் சரியானவள் என்றார்கள்.

பாட்டு அவர்களுடைய தலைக்கவசத்துக்குள் கேட்கும். ஆபத்து எச்சரிக்கையும் அதே வழியில்தான் போகும். இன்று நிர்வாகத்தின் செய்தி: "பாதிப் பேர் வானொலியை அணைத்து வைக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு எந்த வகைப் பாட்டு ஒத்துவரும் என்று கண்டுபிடித்து, அதையே ஒலிபரப்பவும்."

கீழே இருப்பவர்கள் எல்லோரும் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். நான் நிலவில் பிறந்தவள். தூத்துக்குடியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

நாள் 204. 09.40

குத்துப் பாட்டில் தொடங்கினேன். மேற்பார்வையாளர் பர்னபாஸ் அண்ணாச்சி உடனே அழைத்தார். "ஏட்டி, துளைக்கிற மெஷினப் பிடிச்சிக்கிட்டு நிக்கவன் இடுப்ப ஆட்டுனா என்னத்துக்கு ஆகும்? பல்லு போயிரும்ட்டி!"

பின்னால் ஒரு குரல்: "அண்ணாச்சிக்கு ஆட வராது பிள்ள, அந்தப் பொறாமக் காந்தலு!"

சிரிப்பு கேட்டது. நானும் சிரித்தேன், ஒலிவாங்கியைத் திறக்காமல். பிறகு 'சரி' என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். என் பதில்கள் எல்லாம் அப்படித்தான் போகும்.

15.20

பக்திப் பாட்டு. மாதா பாட்டு முதலில் வந்ததற்கு ஒரு சண்டை. முருகன் பாட்டு இரண்டு வந்ததற்கு ஒரு சண்டை. "எங்க பாட்டு எப்பம்மா வரும், பெருநாளைக்கா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காதல் பாட்டுக்கு மாற்றினேன். வீட்டை விட்டு வந்தவர்கள் அவர்கள். என் திரையில் ஆளுக்கொன்றாக எரியும் வானொலி விளக்குகள் வரிசையாக அணைந்தன.

நாள் 205. 11.25

ஒருவர் மட்டும் எதற்கும் அணைக்கவில்லை. எண் முப்பத்தொன்று, தெற்குச் சுரங்கம். எனக்கு எண்தான் தெரியும், பெயர் தெரியாது.

கையுறையில் ஒரு பொத்தான் உண்டு. பாட்டு பிடித்தால் அழுத்தலாம். 'நேயர் விருப்பம்' என்று அதற்குப் பெயர். யாரும் அழுத்துவதில்லை. இன்று முப்பத்தொன்று அழுத்தினார். ஒரு பழைய தத்துவப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உறவு நிலையில்லை, உடம்பு நிலையில்லை என்று போகிற பாட்டு. அது முடியும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவருடைய கவசத்துக்கு மட்டும் அதே மாதிரி இன்னொன்று போட்டேன். அதற்கும் அழுத்தினார்.

நாள் 206. 08.00

நேற்று இரவு உணவை அவரோடு சாப்பிட்டேன். அதாவது, அவருடைய விளக்கைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். வேறு வகைப் பாட்டைப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். போட்டால் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. தத்துவப் பாட்டே ஓடட்டும்.

17.45

அழுத்தல்கள் மெதுவாகிவிட்டன. வேகம் பிடிக்கவில்லை போலும். தாளமே இல்லாத, இழுத்துப் பாடுகிற பாட்டுகளாகத் தேடி எடுத்தேன். அதற்கும் அழுத்தினார், நிதானமாக. எனக்கு ஒரு நேயர் கிடைத்துவிட்டார்.

நாள் 207. 07.30

முடிவு செய்தேன். இனி நாள் முழுதும் தத்துவப் பாட்டு. எல்லோருடைய கவசத்துக்கும் அனுப்பினேன்.

10.05

விளக்குகள் எல்லாம் எரிகின்றன. அணைத்து வைத்திருந்தவர்களும் திறந்துவிட்டார்கள். துளைப்பு எந்திரங்கள் நின்றுவிட்டன. பர்னபாஸ் அண்ணாச்சி அழைத்தார்: "ஏட்டி, செத்தது யாரு?"

புரியவில்லை என்று அனுப்பினேன்.

"காலையில இருந்து எழவுப் பாட்டா போடுத. ஊருல ஸ்பீக்கர் குழாய்ல இப்பிடி வரிசையா வந்தா எழவு வீடுன்னு அர்த்தம்ட்டி. வேலையப் போட்டுட்டு அம்புட்டுப் பேரும் மேல வந்துட்டாவ. யாருன்னு சொல்லு பிள்ள, ஒருத்தன் அழ ஆரம்பிச்சிட்டான்."

யாருமில்லை, நேயர் விருப்பம் என்று அனுப்பினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அங்கே பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவது கேட்டது.

10.30

"எல்லாரும் இருக்காவ. தெற்க போன இசக்கிமுத்து மட்டுந்தான் இல்ல. அவன் வாரம் பூரா அங்கனயே தங்கி வேல பாக்கவன், யாரும் தேட மாட்டாவ. கூப்பிட்டா பதில் இல்ல. அவன் நம்பர் முப்பத்தொண்ணு. உனக்கு ஏதும் தெரியுதா?"

தட்டச்சுப் பலகையைத் தள்ளினேன். ஒலிவாங்கியைத் திறந்தேன். "அழுத்துறாரு அண்ணாச்சி" என்றேன்.

"அழுத்துதானா? எப்ப இருந்து?"

சொன்னேன். அவர் யாரையோ பார்த்துக் கத்தினார்: "ஓடுங்கல!"

13.15

சுரங்க வாய் சரிந்து அடைத்திருக்கிறது. தோண்டுகிறார்கள். அவருடைய பேசும் கருவி உடைந்திருக்க வேண்டும். கேட்க மட்டும் முடிகிறது. "அவன முழிக்க வையி பிள்ள, தூங்க விட்டுராத" என்றார் அண்ணாச்சி.

எந்தப் பாட்டு வேண்டும் என்று இசக்கிமுத்துவிடமே கேட்டேன். ஒவ்வொரு வகையாகப் போட்டேன். எதற்கும் அழுத்தவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, "அண்ணே, இருக்கீங்களா?" என்றேன். அழுத்தினார்.

நான் பேசினால் அழுத்துகிறார். பாட்டு போட்டால் இல்லை.

14.50

என்ன பேசுவது? காலுறை துவைத்ததைச் சொன்னேன். ஜன்னலில் தெரியும் பாறையைச் சொன்னேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது ஓடிவந்ததையும், திரும்பப் போகாததையும் சொன்னேன். அதற்கு இரண்டு தடவை அழுத்தினார். சிரித்திருப்பார்.

எல்லா விளக்கும் எரிகிறது. மொத்தப் பாறையும் நான் பேசுவதைக் கேட்கிறது.

16.20

பேசிக்கொண்டே எழுதுகிறேன். தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் குடிக்க நிறுத்தினால் பயம். கடைசியாக எப்போது அழுத்தினார் என்று பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன்.

16.55

உள்ளே போய்விட்டார்கள். அண்ணாச்சி இணைப்பில் வந்தார். "ஜெபமலர். போதும்மா. நிறுத்திக்க."

ஏட்டி என்று சொல்லவில்லை. ஏன் போதும் என்று நான் கேட்கவில்லை, நிறுத்தவும் இல்லை. அண்ணே, இப்போது பாறையின் உங்கள் பக்கம் வெயில் வந்துவிட்டது, மேலிருந்து பார்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, அண்ணே, அப்புறம் அதற்குப் பக்கத்தில்