நீரூற்றுக்கு நூற்று நாற்பது குடம்

12 மே 1938

மதியம் என் கணவர் காசியானோ ஒரு சுருட்டிய காகிதத்தோடு வந்தார். மாண்டியோக்காக் கிழங்குத் தட்டை நகர்த்திவிட்டு மேசையில் விரித்தார். பொலிவியாவோடு தண்ணீரில்லாச் சாக்கோ காட்டில் நடந்த போரில் செத்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைவுச்சின்னம். கையெழுத்து அழகு என்பதால் அதைக் கட்டும் குழுவுக்கு இவர்தான் செயலாளர். வரைந்தவர் தோன் ரெமிஹியோ. ரோமாபுரியில் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்து எட்டு வருடமாக அதையே பேசுகிறவர்.

ஆறு தூண், முக்கோண முகப்பு, முன்னால் வட்டமாக ஒரு நீரூற்று.

“இது யாரு வீடு?” என்றேன்.

“வீடில்ல. கோயில் மாதிரி. கிரேக்கக் கோயில்.”

“எந்தப் புனிதருக்கு?”

தூணின் தலையில் செதுக்கப்போகும் இலையைக் காட்டினார். பராகுவேயில் எந்த ஆடும் தின்றிராத இலை.

14 மே

குழாயே இல்லாத ஊரில் நீரூற்று. எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பின்னால் நானே நம்பமாட்டேன்.

3 ஜூன்

குழுவில் இரண்டு மணி நேரம் சண்டையாம். “இதுல நம்ம நாடு எங்கே இருக்கு?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டுவிட்டார். கடைசியில் சமாதானம்: கோயிலின் உச்சியில், பழைய பாதிரிமார் கட்டிய கோயில்களின் இடிபாடுகளில் இருப்பதுபோல, கிலுக்கு ஆட்டும் தேவதூதர்கள் இரண்டு பேர்.

“கீழே கிரேக்கம், மேலே நாம,” என்றார் காசியானோ, தானே கண்டுபிடித்ததுபோல. மாட்டு உடம்பில் கோழித் தலை.

கல்வெட்டு லத்தீனில். எங்கள் பிள்ளைகள் எங்கள் பேச்சான குவாரனியில் பிறந்து, குவாரனியில் அம்மாவைக் கூப்பிட்டுச் செத்தவர்கள். சாமியாரே அகராதி புரட்டுகிறார்.

24 ஜூன், புனித யோவான் திருநாள்

தெருவில் எல்லாரும் நெருப்பு மிதித்து விளையாடுகிறார்கள். இவர் கல்தச்சனுக்குக் கொடுக்கப் பெயர்ப்பட்டியலை நகல் எடுத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன்.

என்னிடமும் ஒரு பட்டியல் உண்டு. ஜெபப்புத்தகத்தை வைத்து நானே எழுத்துப் பழகியவள். சாவுக் கடிதம் வந்த வீட்டுக்காரர்கள் என்னிடம்தான் படிக்கக் கொண்டுவந்தார்கள். யார், எந்த நாள், எப்படி — எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டுப் பேர். குண்டில் இருபத்தொன்று. தாகத்தில் பதினேழு.

இவர் பட்டியலில் இருபத்தொன்று. மேலிருந்து படித்தேன், கீழிருந்து படித்தேன்.

“செஃபெரினோ எங்கே?”

“களத்துல குண்டு பட்டவங்க மட்டுந்தான். மத்தவங்க நோயில போனதா குழு முடிவு.”

“தாகம் நோயா?”

“வீரர் சின்னத்துல தாகத்துல செத்தான்னு எப்படிப் போடறது, ஈசிதோரா? அழகா இருக்காதுங்கிறார் தோன் ரெமிஹியோ.”

அழகா இருக்காதாம். இவரு கையெழுத்து எவ்வளவு அழகு! ஒரு எழுத்துகூடக் கோணலில்ல. பெத்த புள்ள பேரைத் தாண்டி அடுத்த பேருக்குப் போக எப்படிக் கை வந்துச்சு? காக்குப்பே மாதாவே, இந்த ஆளோட ஒரே மேசையில நான் எப்படிச் சாப்பிடுவேன்?

25 ஜூன்

அவர் மேசையில். நான் அடுப்படியில்.

30 ஆகஸ்ட்

‘தாய்நாடு’ சிலை வந்து இறங்கியது. தலைக்கவசம், நீள மூக்கு, செருப்பில்லாத கால், சுண்ணாம்பு வெள்ளை. பக்கத்து வீட்டு பாப்லா சுற்றிவந்து பார்த்தாள். அவள் தம்பியும் பதினேழில் ஒருவன்.

“இவ எந்த வீட்டு மருமக? இந்த விரலை வெச்சுக்கிட்டு மாண்டியோக்கா உரிச்சிருப்பாளா?”

“அவதான் நம்ம அம்மாவாம்.”

“அப்ப நம்ம அப்பன் எங்கெங்கயோ போயிருக்கான்!”

ஜெபமாலை கையில் இருக்கும்போது சிரித்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

20 செப்டம்பர்

தோன் ரெமிஹியோவே வீடு தேடி வந்தார். குளிர்ந்த தெரெரே இலைப்பானம் நீட்டினேன், எங்கள் உறிஞ்சுகுழலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஒரு வாய் குடித்தார்.

“ஈசிதோராம்மா, கணக்குல நீங்க புலின்னு கேள்விப்பட்டேன். அந்தத் தொட்டி நிறைய எத்தனை குடம் ஆகும்?”

கோல் வைத்து ஏற்கெனவே அளந்திருந்தேன். “நூத்தி நாப்பது.”

பொக்கெரோன் கோட்டையைப் பிடித்த வெற்றி நாளில் அமைச்சர் வருகிறாராம். பெண்கள் வெள்ளை உடுத்து, தலையில் குடத்தோடு வரிசையாக வந்து ஊற்ற வேண்டுமாம். “பழைய கிரேக்கத்துல இப்படித்தான்!” கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. நாங்கள் தினமும் கிணற்றுக்குப் போவதை இந்த மனுஷன் பார்த்ததே இல்லை போல.

பொக்கெரோன் முற்றுகையில்தான் செஃபெரினோ போனான். கூட இருந்தவன் சொன்னான்: கடைசியில் காலிக் குடுவையின் மூடியை நக்கிக்கொண்டிருந்தானாம்.

“வர்றோம்,” என்றேன். பொய் சொல்லவில்லை.

29 செப்டம்பர்

போனோம். அறுபத்திரண்டு பெண்கள், வெள்ளை உடுப்பு, தலையில் குடம். வாத்தியம் முழங்கியது. அமைச்சர் கைதட்டினார். தொட்டிக்கு வந்ததும் குடங்களை இறக்கி, கல்தரையில் கவிழ்த்து வைத்தோம். ஒரு சொட்டு விழவில்லை.

“தண்ணி எங்கேம்மா?” என்றார் அமைச்சர்.

யாராவது பேச வேண்டும். நான் ஓரடி முன்னே வந்தேன்.

“இந்த ஊர்ல தாகத்துல யாரும் சாகலையாம் ஐயா. குழு முடிவு. அப்புறம் தண்ணி எதுக்கு?”

பிறகு பதினேழு பெயரையும் குறிப்பேட்டிலிருந்து வாசித்தேன். செஃபெரினோவைக் கடைசியில் வைத்திருந்தேன், அழுதாலும் மற்றவர்கள் முடிந்திருப்பார்களே என்று. அழவில்லை. காசியானோ மேடையில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். அமைச்சர் தோன் ரெமிஹியோவைப் பார்த்தார். தோன் ரெமிஹியோ தன் தேவதூதர்களைப் பார்த்தார்.

4 அக்டோபர்

அமைச்சர் உத்தரவு: பதினேழு பெயரும் கல்லில் செதுக்கப்பட வேண்டும். தூணில் வெட்டினால் கோடு கெடுமாம். தொட்டியின் வெளிப்பக்கம் அந்த ஆடு தின்னாத இலை. ஆகவே தொட்டியின் உட்புறத்தில், விளிம்புக்குக் கீழே. “தண்ணி நிறைஞ்சா கண்ணுக்குத் தெரியாது, சின்னமும் கெடாது,” என்று தோன் ரெமிஹியோ குழுவைத் தேற்றினாராம்.

ரோமாபுரி வரை போய்ப் படித்த முட்டாள். தண்ணீருக்குள்ளேதான் வேண்டும் என்று கேட்க எனக்கே தோன்றியிருக்காது.

கல்தச்சனுக்குப் பட்டியல் தேவைப்பட்டது. காசியானோ அடுப்படிக்கு வந்து என் குறிப்பேட்டைக் கேட்டார். கொடுத்தேன். நகல் எடுத்தார். இந்த முறை எழுத்து கோணல்.

8 டிசம்பர், காக்குப்பே மாதா திருநாள்

வெயிலில் தொட்டி தினமும் இறங்குகிறது. தினமும் முறை வைத்து ஊற்றுகிறோம். கோயில் நிழலில் ஆடுகள் படுத்திருக்கின்றன.

இன்று பூசை முடிந்து போனபோது காசியானோ எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். ஆண்கள் தலையில் குடம் வைப்பதில்லை. பன்றிக்கொழுப்புத் தகரடப்பா இரண்டில் தண்ணீர் தூக்கி வந்திருந்தார், கால்சட்டையெல்லாம் நனைந்து. அவர் ஊற்றினார், பிறகு நான்.

தண்ணீர் செஃபெரினோ வரைக்கும் வந்தது.