ஆறு வினாடியில் எட்டு நிபந்தனை

மார்ச் 3
இன்று வானொலிக்கு ஓர் இன்சூரன்ஸ் விளம்பரம். "முதல் நாளிலிருந்தே முழுப் பாதுகாப்பு" என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு, எட்டு நிபந்தனைகளையும் ஆறு வினாடியில் கொட்டித் தீர்த்தேன். "மூச்சு விட்டீங்களா இல்லையா?" என்று கேட்டார் ஒலிப்பதிவுக்காரர். இந்த வேகத்துக்குத்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் தலைக்கனம்தான். இருக்கட்டுமே.

மார்ச் 19
அக்கா போன் செய்தாள். அத்தானுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டதாம். ஊசியில் நூல் கோக்கக்கூட அவளைத்தான் கூப்பிடுகிறாராம். தையல்காரருக்குக் கண் போனால் என்ன மிச்சம்? ஆனாலும் அவள் குரலில் கவலையே இல்லை. என் விளம்பரத்தைக் கேட்டுப் போன வாரமே அந்தப் பாலிசியை எடுத்துவிட்டாள். அடுத்த மாதம் ஆபரேஷன்.

"நீயே சொல்றப்போ நான் எதுக்குடி படிச்சுப் பாக்கணும்?"

மூன்றாவது நிபந்தனை — ஏற்கனவே இருக்கும் நோய்க்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் "நல்லதுக்கா" என்று போனை வைத்துவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு தங்கச்சி.

மார்ச் 20
சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 23
கம்பெனி கையை விரித்துவிட்டது. நிபந்தனையை விளம்பரத்திலேயே சொன்னோமே என்கிறார்களாம். சொன்னது யாரு? நான்தானே!

இன்சூரன்ஸ் கண்காணிப்பு ஆணையத்தின் விதிகளை உட்கார்ந்து படித்தேன். வாக்குறுதி கேட்கிற அதே வேகத்தில், அதே சத்தத்தில் நிபந்தனையும் கேட்க வேண்டுமாம். பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இன்றுதான் தெரிகிறது. அக்கா புகார் எழுதுகிறாள். எப்படிப் படிக்கச் சொன்னார்கள் என்று நானும் கடிதம் கொடுக்கிறேன். இனி எந்த ஸ்டுடியோ கூப்பிடும்? கூப்பிடாட்டிப் போகட்டும். எனக்கு அவ வேணும்.

ஏப்ரல் 16
ஒரு ஸ்டுடியோவும் கூப்பிடவில்லை.

மே 8
உத்தரவு வந்துவிட்டது. விளம்பரத்தை நிறுத்த வேண்டும். அதைக் கேட்டுப் பாலிசி எடுத்தவர்களுக்குச் சொன்னபடியே செய்ய வேண்டும். அப்பாடா! அக்காவும் நானும் போனிலேயே அழுதோம். "ரெண்டு பேரும் எதுக்குப் போனைப் பிடிச்சுக்கிட்டு மூக்கை உறிஞ்சுறீங்க?" என்று பின்னாலிருந்து அத்தான் குரல்.

மே 27
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஜூன் 14
ஒலிப்பதிவுக்காரர் கூப்பிட்டார். அதே கம்பெனிக்குப் புது விளம்பரம். விதி தெரிந்த ஆள் நான்தானாம். நிபந்தனைகளை நிதானமாக, மூச்சு விட்டு விட்டுப் படித்தேன். முப்பத்தெட்டு வினாடி ஆனது.

"இவ்வளவு இருந்துச்சா இதுல?" என்றார்.

ஜூன் 20
அக்கா போன் செய்தாள். விளம்பரம் வந்ததும் அத்தான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கடைசி வரி வரை கேட்டாராம். அப்புறம் என்ன செய்தார் என்று கேட்டேன்.

"அவரே ஊசியில நூலைக் கோத்துக்கிட்டு வேலையப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு."