பன்னிரண்டு வார்த்தை எழுதிய ஒரே தாள்

இன்று காலை கடையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் பழையபடி இரண்டு வட்டங்கள் வந்து நின்றன. சிவப்பு என்னுடையது, பச்சை உன்னுடையது. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

வீட்டில் வைத்தால் மகன் பார்த்துவிடுவான் என்றுதானே உன் கிரிப்டோ காசு கிடக்கும் வாலட்டை தாராவியில் என் லேபிள் அச்சுக் கடைக்குக் கொண்டுவந்தாய்? ஒரே கம்ப்யூட்டரில் நம் இருவர் கணக்கும் கலந்துவிடக் கூடாது என்று, யாரிடமும் கேட்காமல் நானே தட்டித் தட்டிக் கற்று, பிரவுசரை ஆளுக்கொரு வட்டமாக இரண்டாகப் பிரித்துத் தந்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை உன் வாலட்டுக்குள்ளேயே இரண்டாவதாக ஒரு கணக்கைத் திறந்து அதற்கு ‘செல்வி’ என்று தமிழில் பெயர் வைத்தாய். மராட்டிப் பையனைக் கட்டிக்கொண்டு காட்கோபருக்குப் போன உன் மகள். ஆறு வருடம் நீ முகம் கொடுத்துப் பேசாதவள்.

“அவளுக்குன்னா தனி வாலட்டா போடுலே. அதுக்குச் சாவியா தனியா பன்னெண்டு வார்த்த தருவான், வாங்கு,” என்றேன்.

“பேரு வேற போட்டாச்சுல்லா, போதும். நீ பெரிய இன்ஜினியரு,” என்று சிரித்தாய்.

போதவில்லை. நீ என்னிடம் தந்துவைத்த உறையைப் பிரித்தால் ஒரே தாள், அதில் உன் வாலட்டின் பன்னிரண்டு வார்த்தை. அந்தப் பன்னிரண்டு வார்த்தை தெரிந்தவன் எவனும் இரண்டு கணக்கையும் திறந்துவிடலாம். அதைத்தான் உன் மகன் போன வாரம் வந்து கேட்டான். “அப்பா எழுதி வச்ச தாள் உங்ககிட்டதான் இருக்காம்ல மாமா. குடுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

கொடுத்தால் செல்வியின் பங்கும் அவனோடு போய்விடும். அவனுக்குத் தெரியாமல் அதை வேறு இடத்துக்கு மாற்ற எனக்கு ஐந்து நிமிடம் போதும். நீ அதைத்தான் விரும்பியிருப்பாய். நான் செய்யவில்லை. உயிரோடு இருந்தவரை நீ ஒளித்தது போதும். செத்த பிறகும் உனக்காக ஒளிக்க நான் ஆள் இல்லை. நேற்று இருவரையும் கடைக்கு வரச் சொன்னேன்.

“எங்கப்பா காசு மாமா. நீங்க யாரு பிரிக்க?” என்று எகிறினான் உன் மகன்.

“பிரிச்சது உங்கப்பன்லே. கண்ணத் தொறந்து படி,” என்று திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

எழுத்துக் கூட்டித் தங்கையின் பெயரைப் படித்தவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். செல்விக்குப் புது வாலட் திறந்து, அதன் வார்த்தைகளை அவள் கையாலேயே எழுத வைத்து, அவள் பங்கை அதற்கு மாற்றினேன். அதன் பிறகுதான் உன் தாளை அவனிடம் கொடுத்தேன்.

போகும்போது செல்வி வாசலில் நின்றாள். “அப்பா என்னயப் பத்தி எப்பவாது பேசுனாவளா மாமா?”

வெள்ளிதோறும் வந்து அந்தக் கணக்கில் கொஞ்சம் போட்டுவிட்டுப் போவாய். அவளைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நான் பொய் சொல்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

“இல்லம்மா,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நீ வாங்கியிருக்க வேண்டிய பார்வை அது. நான் வாங்கி வைத்திருக்கிறேன். இதற்கு மட்டும் உன்னை மன்னிக்க மாட்டேன்.