சங்கிலிக்குக் காவல் இருந்த அத்தான்

என் பாசமுள்ள அக்காவுக்கு,

நீ போன இடத்தில் தபால் வசதி எப்படி என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். காவிரித் தண்ணீரைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்கிறேன்: இப்போது சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நீயும்தான். என் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியைச் சந்தேகப்பட்டே பழகியவள் ஆயிற்றே நீ.

மார்கழியில் நம் தெருவுக்குள் பொன்னுக்கு வீங்கி நுழைந்தது. முதலில் மளிகைக்கடைக்காரர் பேரன். காய்ச்சல் அடித்தது, காதுக்குக் கீழே வலித்தது, மறுநாள் கன்னம் உப்பியது. எந்த அளவுக்கு உப்பியது என்கிறாய்? அவன் வாசலில் வந்து நின்றால் அறுவடை மெஷின் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனது. அவன் தும்மினான், பூதலூர் ஸ்டேஷனில் சிக்னல் இறங்கிவிட்டது.

வழக்கம்போல உன் இரட்டைவடச் சங்கிலியைக் கேட்டு வந்தார்கள். வீங்கின கழுத்தில் தங்கம் கிடந்தால் வடிந்துவிடும் என்றுதானே நம் ஊர்க் கணக்கு! நீ இருந்தவரை தெருவுக்கே அந்தச் சங்கிலிதான் வைத்தியம். கேட்ட கையோடு கழற்றிக் கொடுப்பாய், அப்புறம் மறந்தே போவாய். இப்போது அதை வைத்திருப்பவர் அத்தான். அவர் எதை மறந்தார்?

அங்கேதான் எனக்கு மூக்கில் வேர்த்தது. சங்கிலி ஒரு வீட்டுக்குப் போகும். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டில் யாருக்காவது கன்னம் வீங்கும். நான் தண்ணீர்த்தொட்டியைச் சந்தேகப்பட்டேன். இலுப்பை மரத்து வௌவாலைச் சந்தேகப்பட்டேன். உன் மகன் குமரனுக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயம் செய்தோமே, அன்றைக்குச் சம்பந்தி வீட்டார் கீழ்வேளூரிலிருந்து கொண்டுவந்த லட்டைக்கூடச் சந்தேகப்பட்டேன். அதைச் சோதித்துப் பார்க்க மேலும் நாலு லட்டு தின்ன வேண்டியிருந்தது.

கடைசியில் சந்தேகம் அத்தான் மேல் வந்து நின்றது. தினமும் காலையில் சலவைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் பவுடர். சட்டைப்பையில் உன் சங்கிலி. கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு திரும்புவார். எங்கே போகிறார் என்று கேட்டால், “ஒரு வேலைடா” என்பார். இந்த வயதில் என்ன வேலை? அக்கா, நீ கோபப்படாதே, எனக்குத் தப்புத்தப்பாகத்தான் தோன்றியது.

ஒருநாள் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் நுழைந்தது எதிர்ச்சாரிக் கலா வீட்டில். எட்டிப் பார்த்தால், கலாவின் மகள் வீங்கின கன்னத்தோடு பாயில் படுத்திருக்கிறாள். கழுத்தில் உன் சங்கிலி. டாலரை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நாற்காலி போட்டு அத்தான்.

“இங்க என்னத்தான் பண்றீங்க?”

“காவல்டா.”

“பாப்பாவுக்கா?”

“சங்கிலிக்கு. உங்க அக்கா கழுத்துல கெடந்தது. எவ வீட்டுலயோ போட்டுட்டு நான் எப்படிப் போவேன்?”

“பாருங்க மாமா, எங்க மேல பெரியப்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை!” என்று கலா உள்ளேயிருந்து குத்தினாள். “நான் என்ன, உருக்கியா தின்னுடப்போறேன்?”

அத்தான் காதில் வாங்கவில்லை. பாப்பா பாதி குடித்து வைத்த ஹார்லிக்ஸை, வீணாகிறதே என்று எடுத்து மடமடவென்று குடித்தார். அப்புறம் சங்கிலியைக் கழற்றி, வேட்டி முனையில் ஒரு துடை துடைத்து, அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

பொங்கல் முடிந்ததும் குமரனுக்குக் காய்ச்சல். இரண்டு கன்னமும் வீங்கிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை, ரசம் உள்ளே போனாலே கண்ணில் தண்ணீர். கல்யாணத்துக்குப் பந்தல்காரனிடம் சொல்லியாயிற்று. ஊர் சும்மா இருக்குமா? ஆம்பளைக்கு இது வந்தால் குழந்தை பிறக்காதாம் என்று டீக்கடையில் ஆரம்பித்து வாய்க்கால் மதகுவரை பேச்சு போய்விட்டது.

சம்பந்தி போன் செய்தார். “மாப்பிள்ளைக்குக் கழுத்துல ஏதோ கட்டின்னு சொல்றாங்களே, உண்மைங்களா?”

“சேச்சே, பல்வலிங்க. கடவாப்பல்லு,” என்றேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

குமரனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனோம். டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததும் சொல்லிவிட்டார்கள். “இது வைரஸ்ங்க. எச்சில், சளி, இருமல், தும்மல்ல பரவும். ரெண்டு மூணு வாரம் உள்ளயே இருந்துட்டு அப்புறம்தான் வெளிய தெரியும். வீங்குறதுக்கு முன்னாடியே அடுத்தவங்களுக்கு ஒட்டிக்கும்.” விதையில் வலியோ வீக்கமோ வந்தால் உடனே வரச் சொன்னார்கள். அப்படி வந்தாலும் குழந்தையே பிறக்காமல் போவது ரொம்ப அபூர்வம் என்றார்கள்.

“தங்கச் சங்கிலி போட்டா…” என்று இழுத்தார் அத்தான். சங்கிலி வீடு வீடாகப் போனதையும், பாப்பா டாலரைச் சப்பியதையும் நான் எடுத்துச் சொன்னேன்.

“தங்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. அது தானா வடியும். ஒருத்தர் வாயில வச்சத இன்னொருத்தர் கழுத்துல போடறதுதான் தப்பு.”

“எனக்கு வீங்கவே இல்லியேம்மா?”

“சிலருக்கு வீங்காமலே வந்துட்டுப் போயிடும். ஆனா அவங்ககிட்டேருந்தும் மத்தவங்களுக்குப் பரவும்.”

திரும்பும்போது பஸ்ஸில் அத்தான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கை மட்டும் சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருந்தது. உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு உன் மகனுக்கே நோயை வாங்கி வந்து கொடுத்துவிட்டாரா? நான் வாயை மூடிக்கொண்டு வந்த ஒரே பஸ் பயணம் அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் சம்பந்தி காரில் வந்து இறங்கினார். முகத்தில் சந்தேகம் மூட்டை மூட்டையாக இருந்தது. கூடவே கல்யாணப் பெண் யாழினி. ஒரத்தநாட்டில் மாட்டு வைத்தியம் படித்த பெண். முகக்கவசத்தோடு வாசலில் நின்று ஜன்னல் வழியாகக் குமரனைப் பார்த்தாள். அவன் போர்வைக்குள் ஒளியப் பார்த்தான்; கன்னம் வெளியே நின்றது.

“அப்பா, இது பொன்னுக்கு வீங்கி. பத்தாவது படிக்கையில எனக்கு வந்துச்சே, மறந்துட்டீங்களா? கல்யாணத்த மாசிக்குத் தள்ளி வைங்க, போதும்.”

“இல்லம்மா, ஊர்ல என்னென்னமோ பேசுறாங்க…”

“ஊருக்கு என்ன தெரியும்? டாக்டர்கிட்ட நானே போன்ல கேட்டுக்கிறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “பல்வலின்னு சொன்னீங்களே மாமா, அதுதான் எனக்குப் பயமாயிருச்சு. வேற ஏதோ பெருசா மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். இந்தக் கல்யாணமே வேணாம்னு அப்பாகிட்ட சொல்றதா இருந்தேன்.”

அக்கா, ஊரையே சந்தேகப்பட்ட நான், குடையை எடுத்து மறுபடியும் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மாசியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் இலை போட்ட வரிசை கல்லணை வரைக்கும் போனது. நாதஸ்வரச் சத்தத்தில் கொள்ளிடம் திசை மாறி ஓடியது. குமரன் கன்னம் வடிந்து, பழைய ஒட்டின கன்னத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி நம் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும், வந்ததன் பெயரை அப்படியே சொல்வேன். தெருவில் யாருக்காவது வீங்கினால், டம்ளரைத் தனியாக வை, புள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாதே, வலி தாங்காவிட்டால் டாக்டரிடம் போ என்று முதல் ஆளாகப் போய்ச் சொல்வேன். சங்கிலி கேட்டால் இல்லை என்பேன்.

இந்தக் கடிதத்தில் நீ எதை வேண்டுமானாலும் தள்ளிவிடு. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். தாலி கட்டி முடிந்ததும் அத்தான் உன் சங்கிலியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்து யாழினியின் கழுத்தில் போட்டார். அப்புறம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “பசிக்குதுடா” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு பந்திக்கு நடந்தார்.

உன் கூடப்பிறந்தவன்,
உன் பிள்ளைக்குத் தாய்மாமன்