பறங்கிப் பாஷைக்கு ஒரு தூண்

யூலை 9, செவ்வாய்

கச்சான் காற்று. வீடெல்லாம் மண். கந்தோர் வேலைக்குப் போனேன்; கரண்ட் இல்லை, கடிதமெல்லாம் கையால் எழுதினோம்.

தம்பி டெரி கப்பல் வேலை முடித்து வந்த நாள் முதல் ஒரே கதை. தென்னாபிரிக்காவில் ஆபிரிக்கான்ஸ் பாஷைக்கு மலையில் தூண் கட்டியிருக்கிறார்களாம். கீழே ஊருக்குள் பழம்பொருள் வைத்த நூதனசாலையும். இரண்டுக்கும் போய்வந்தானாம்.

"குசினிப் பாஷை, சமையல்காரற்ற பாஷை எண்டு பகிடி பண்ணினவையாம் அக்கா. இப்ப கோயில் மாதிரிக் கட்டி வைச்சிருக்கினம். எங்கட பறங்கிப் பாஷைக்கு என்ன குறை?"

குறை ஒன்றுமில்லை. போர்த்துக்கேயர் விட்டுப்போன பாஷை, பேசத்தான் ஆளில்லை. பாலையூற்றில் எங்கள் சனம் இருக்கிற சில வீடுகள், அவ்வளவுதான்.

யூலை 11, வியாழன்

நூதனசாலைக்கென்று மாதா கோயில் சுவாமியார் தந்த அறையைக் கூட்டினோம். வைத்தவை: வயலின், செபப் புத்தகம், அம்மாவின் கல்யாணச் சட்டை, சொல் எழுதிய மட்டைகள் (என் எழுத்து): அலுமாரி, சப்பாத்து, மேசை, யன்னல். எல்லாம் எங்கள் பாஷையிலிருந்து தமிழுக்குப் போனவை.

வெளியே டெரி கட்டுகிற தூண். இடுப்பளவு வந்துவிட்டது. சீமெந்து முடிந்தது. இறக்கக்கண்டியில் ஒருவரிடம் அரை மூட்டை உண்டாம். பெர்மிட் இல்லாமல் சீமெந்து ஏற்றாதே என்றேன். சொன்னால் கேட்கிற பிறவியா அவன்!

யூலை 12, வெள்ளி

ஆமிக்காரர் டெரியைப் பிடித்துவிட்டார்கள். சென்றியில் மறித்து, சைக்கிள் கரியரில் மூட்டையோடு. இயக்கத்துக்குப் பங்கர் கட்டவா என்று கேட்டார்களாம். இவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான், பாஷைக்குத் தூண் கட்ட என்று. எவன் நம்புவான்?

அவன் மகள் ஷெரின் சாப்பிடவில்லை. நானும்தான்.

யூலை 13, சனி

முகாம் வாசல். காலை முதல் வெயிலில். இரண்டு நிமிடம் பார்க்க விட்டார்கள். கண் வீங்கியிருந்தது. அடித்தார்களா என்று கேட்டேன், பறங்கியில். எங்கள் வீட்டில் அப்படித்தான். சாதாரணக் கதைக்குத் தமிழ், பயமோ கோபமோ வந்தால் பறங்கி. அவனும் அதிலேயே பதில் சொன்னான்.

காவலுக்கு நின்றவன் பாய்ந்து வந்தான். என்ன இரகசியப் பாஷை என்று சிங்களத்தில் கத்தினான். டெரியை உள்ளே இழுத்துப்போனார்கள். என்னால்தான். என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

யூலை 15, திங்கள்

கந்தோருக்கு லீவு. சுவாமியாரோடு முகாமுக்கு. "பாஷையா இல்லையா எண்டு நீங்களே வந்து பாருங்கோ" என்று அதிகாரியிடம் கெஞ்சினோம்.

வந்தார்! ஜீப், துவக்கு தூக்கிய நாலு ஆமிக்காரர். சுவாமியார் மட்டைகளிலிருந்த சொற்களை வாசித்துச் சிங்களத்தில் விளக்கினார்.

"இது எங்கட சிங்களச் சொல் அல்லவா?" என்றார் அதிகாரி.

"உங்களுடையதும்தான்" என்றார் சுவாமியார்.

சிரிக்கவில்லை அந்த மனுஷன். வெளியே வந்து தூணைச் சுற்றினார். யார் செத்ததற்கு என்றார். ஒருவரும் சாகவில்லை என்றேன். உடை, நாளைக்கு ஆளை விடுகிறேன் என்றார்.

அலவாங்கு எடுத்து நானே உடைத்தேன். அழுகை வந்தது. ஆள் வந்தால் காணும், வேறொன்றும் வேண்டாம்.

யூலை 16, செவ்வாய்

பத்து மணிக்கு டெரி வந்தான். இடது காது கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்தான். தூணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஷெரின் ஓடிவந்து மடியில் ஏறினாள். எங்கே போயிருந்தாய் அப்பா என்று பறங்கியில் கேட்டாள். அவள் வாயைக் கையால் பொத்தினான்.

"தமிழில கேள்."